மலைமேல் மெயில் சர்வர், அடிவாரத்தில் ஒரு கிடங்கு: சிறு கம்பெனிக்கு பேக்கப் எம்எக்ஸ்

கர்க்கடக மழை (ஆடி மாத மழை) பிடித்துக்கொண்டால் இடுக்கி மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் முதலில் கரண்ட் போகும், அப்புறம் யுபிஎஸ் தீரும், கடைசியாக இன்டர்நெட் நிற்கும். ஃபைபர் கேபிள் மேல் மரம் சாய்ந்தால் வரிசை மாறும், அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஏலக்காய்க் கம்பெனி ஒன்று மெயில் சர்வரைத் தன் அலுவலகத்திலேயே வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புற்றடியில் ஏலக்காய் ஏலம் முடிந்த சாயங்காலம் துபாயிலிருந்து ஒருவர் ஆர்டர் அனுப்புகிறார். இங்கே சர்வர் அணைந்து கிடக்கிறது. அந்த மெயில் என்ன ஆகும்?

தொலைந்து போகாது. சர்வர் அணைந்த நிமிடமே வரும் மெயிலெல்லாம் காற்றில் போய்விடும் என்று பயந்துதான் பலர் பேக்கப் சர்வர் போடக் கிளம்புகிறார்கள். மெயில் அப்படி வேலை செய்வதில்லை. அனுப்புகிறவரின் சர்வர் நம் சர்வரை எட்ட முடியாவிட்டால், மெயிலைத் தன் க்யூவில் (காத்திருக்கும் வரிசையில்) வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறையான எஸ்எம்டிபிக்கு 2008இல் வந்த விதி, ஆர்எஃப்சி 5321, குறைந்தது நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது. மெயில் சர்வர் மென்பொருள்களில் போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் முயலும், எக்ஸிம் 4 நாள். ஆனால் எல்லாரும் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வழக்கமான அமைப்பில் 2 நாளோடு கைவிட்டுவிடும். அதே கம்பெனியின் கிளவுட் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 24 மணி நேரத்தோடு சரி. அதற்குப் பிறகு அனுப்பியவருக்கு ‘மெயில் போய்ச் சேரவில்லை’ என்று திரும்பி வரும்.

ஆக, இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு பேக்கப் சர்வர் தேவையில்லை. இரண்டு நாள் மண்சரிவுக்குத் தேவை.

கிடங்குக் கணக்கு

குமுளி மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரிக்காரர் என்ன செய்வார்? மேலே ஏற முடியாத சரக்கைக் கம்பத்தில் ஒரு கிடங்கில் இறக்கிவிட்டுப் போவார். பாதை திறந்ததும் ஜீப்பில் மேலே போகும். கிடங்குக்காரர் மூட்டையைப் பிரிக்கமாட்டார், விற்கமாட்டார், வாங்கி அடுக்கி வைத்து அப்படியே அனுப்புவார். பேக்கப் எம்எக்ஸ், அதாவது வரும் மெயிலை வாங்கி வைக்கும் துணைச் சர்வர், செய்வது இவ்வளவுதான். இதில் யாருடைய இன்பாக்ஸும் கிடையாது. பிரதான சர்வர் படுத்திருக்கும்போது பேக்கப்பில் லாகின் செய்து மெயில் படிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

‘மெயிலுக்கு பேக்கப்’ என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. வரும் மெயிலை வாங்கி வைப்பது பேக்கப் எம்எக்ஸ். ஏற்கெனவே வந்து சேர்ந்த மெயில்களை டிஸ்க் போனாலும் மீட்க நகல் எடுத்து வைப்பது டேட்டா பேக்கப், அதற்கு ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒரு சர்வர் விழுந்தாலும் இன்னொன்றில் அதே இன்பாக்ஸைத் திறப்பது ரெப்ளிகேஷன், இது மூன்றிலும் கடினமானது. பேக்கப் எம்எக்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு டேட்டா பேக்கப் எடுக்காத கம்பெனி, நாளை வரப்போகும் மெயிலுக்குக் குடை பிடித்துவிட்டு, பத்து வருடத்து மெயிலை மழையில் போட்டிருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டேட்டா பேக்கப்பை முதலில் செய்யுங்கள். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றி மட்டும்.

எம்எக்ஸ் எண்கள்

நம் டொமைனின் டிஎன்எஸ் (இன்டர்நெட்டின் முகவரிப் புத்தகம்) பதிவில் எம்எக்ஸ் என்று ஒரு வகை உண்டு. ‘இந்த டொமைனுக்கு வரும் மெயிலை இந்தச் சர்வரிடம் கொடு’ என்று உலகத்துக்குச் சொல்லும் பலகை அது. பக்கத்தில் ஓர் எண் இருக்கும். சிறிய எண்ணுக்கே முதல் உரிமை. பிரதான சர்வருக்கு 10, பேக்கப்புக்கு 20 என்று போடுவது வழக்கம். 5, 50 என்று போட்டாலும் ஒன்றுதான், எது சிறியது என்பதே கணக்கு. இரண்டுக்கும் ஒரே எண் போட்டால் மெயில் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். கிடங்குக்கு நல்ல நாளிலும் சரக்கு இறங்கும், நமக்கு அது வேண்டாம்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். எம்எக்ஸ் பதிவில் ஐபி முகவரி போடக் கூடாது, சர்வரின் பெயரைத்தான் போட வேண்டும். அந்தப் பெயருக்குத் தனியாக ஏ பதிவு (பெயருக்கு ஐபி சொல்வது) இருக்க வேண்டும், சிநேம் பதிவு (ஒரு பெயருக்கு இன்னொரு பெயரைச் சொல்வது) கூடாது. சிநேம் போட்டாலும் பெரும்பாலான சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. அந்தச் சில எவை என்பது முக்கியமான ஆர்டர் வராமல் போன அன்றைக்குத்தான் தெரியும்.

கிடங்கை எங்கே கட்டுவது

கம்பத்திலோ போடியிலோ கிளை இருக்கிறது, அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மலைமேல் வரும் இணைப்பும் அந்தக் கிளைக்கு வரும் இணைப்பும் ஒரே கம்பெனியுடையதாக, ஒரே பாதையில் ஓடுவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மின்சாரமும் இணைப்பும் மழையும் வேறாக இருக்கும் இடமே பேக்கப்புக்கு ஏற்றது. மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள டேட்டா சென்டரில் மாதவாடகைக்கு ஒரு சிறு விபிஎஸ் (பெரிய மெஷினில் ஒரு பங்காகக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். ஒரு சிபியு, 1 ஜிபி மெமரி, 20 ஜிபி டிஸ்க். அதிகம் என்றுகூடச் சொல்லலாம்: பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 80 மெயில், ஒரு மெயில் சராசரி 200 கேபி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 192 எம்பிதான். ஐந்து நாள் பாதை மூடியிருந்தாலும் 1 ஜிபியைத் தொடாது.

விபிஎஸ் எடுக்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சர்வர்களுக்கிடையே மெயில் போகும் வாசலான போர்ட் 25 திறந்திருக்கிறதா? உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, வெளியே போவதற்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து அமேசான், கூகுள் கிளவுட் போன்ற பெரிய இடங்களில் வெளியே போகும் 25ஐ ஆரம்பத்திலேயே அடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே வாங்கிவிட்டு மேலே அனுப்ப முடியாமல் நிற்கும் கிடங்கு எதற்கு? 25 திறக்கவே முடியாது என்றால் வழி இருக்கிறது. பிரதான சர்வரில் 2525 போன்ற வேறொரு போர்ட்டை பேக்கப்பின் ஐபிக்கு மட்டும் திறந்து, அந்த வழியாக அனுப்பச் சொல்லலாம்.

போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு

உதாரணத்துக்கு நம் டொமைன் எக்ஸாம்பிள்.காம், பிரதான சர்வரின் ஐபி 203.0.113.10, பேக்கப்பின் ஐபி 198.51.100.25. விபிஎஸ்ஸில் டெபியன் லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸும் நிறுவியிருக்கிறோம். கீழே தமிழில் எழுதியிருக்கும் அமைப்புப் பெயர்களை மெயின்.சிஎஃப் ஃபைலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

முதல் கண்ணி நிறுவும்போதே இருக்கிறது. ‘சிஸ்டம் மெயில் நேம்’ என்ன என்று டெபியன் கேட்கும். கம்பெனி டொமைனைக் கேட்கிறது என்று நினைத்து எக்ஸாம்பிள்.காம் என்று அடித்துவிட்டால், அது மைடெஸ்டினேஷன் வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘இந்த டொமைன் மெயிலெல்லாம் இந்த மெஷினுக்கே உரியது, மேலே அனுப்பாதே’ என்பது அதன் பொருள். அப்புறம் பேக்கப்புக்கு வரும் மெயில் ஒன்று ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்று திரும்பும், இல்லாவிட்டால் அந்த விபிஎஸ்ஸின் ஒரு மூலையில் யாரும் பார்க்காமல் கிடக்கும். எனவே பேக்கப்பின் சொந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். மைடெஸ்டினேஷனில் கம்பெனி டொமைன் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ரிலே டொமைன்ஸ் என்ற வரியில் எக்ஸாம்பிள்.காம் என்று எழுதுங்கள். ‘இந்த டொமைனுக்கு வருவதை வாங்கி மேலே அனுப்பு’ என்று சொல்வது இந்த வரிதான்.

எங்கே அனுப்புவது? ஒன்றும் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸே எம்எக்ஸ் பட்டியலைப் பார்க்கும், தன் பெயரையும் தன்னைவிடப் பெரிய எண் உள்ளவற்றையும் விட்டுவிட்டு 10ஆம் எண்ணுக்கு அனுப்பும். விபிஎஸ்ஸுக்கு நேரடி ஐபி இல்லாமல் நாட் (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றும் ஏற்பாடு) வழியாக வெளி ஐபி கொடுத்திருந்தால், பட்டியலில் உள்ள 198.51.100.25 தானேதான் என்று அதற்குத் தெரியாது. தனக்கே அனுப்பி, ‘மெயில் என்னிடமே திரும்பி வருகிறது’ என்று சொல்லி நின்றுவிடும். இதற்கு மருந்து ப்ராக்ஸி இன்டர்ஃபேசஸ் வரியில் வெளி ஐபியை எழுதுவது. இன்னும் நிச்சயமான வழி, டிரான்ஸ்போர்ட் மேப்ஸ் ஃபைலில் ‘எக்ஸாம்பிள்.காம்’ என்று எழுதி, எதிரே ரிலே என்ற சொல், முக்காற்புள்ளி, பிறகு [203.0.113.10] என்று சதுர அடைப்புக்குள் ஐபி கொடுப்பது. சதுர அடைப்பு இருந்தால் எம்எக்ஸ் பட்டியலைத் தேடாமல் நேரே போகும். 2525 போர்ட்டில் அனுப்ப வேண்டியவர்கள் அடைப்புக்குப் பின்னால் இன்னொரு முக்காற்புள்ளி வைத்து அந்த எண்ணைச் சேர்க்கலாம்.

அடுத்தது காத்திருக்கும் காலம். மேக்சிமல் க்யூ லைஃப்டைம் சும்மா விட்டால் 5 நாள். இதை 10 நாளாக்குங்கள். நம் பொறுமை அனுப்புகிறவரின் பொறுமையைவிட நீளமாக இருந்தால்தான் நடுவில் ஒரு கிடங்கு வைத்ததற்குப் பலன் உண்டு.

மெசேஜ் சைஸ் லிமிட் என்ற வரியைப் பெரும்பாலும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். தொடாமல் விட்டால் 10240000 பைட், ஏறக்குறைய 10 எம்பி. பிரதான சர்வரில் 35 எம்பி வரை வாங்குவீர்கள், பேக்கப்பில் 10 எம்பிதான் என்றால் மழை நாளில் மட்டும் பெரிய மெயில்கள் திரும்பிப் போகும். சாதாரண நாளில் எல்லாம் சரியாக இருப்பதால் காரணம் யாருக்கும் பிடிபடாது. இரண்டிலும் ஒரே எண்ணாக வையுங்கள். இணைப்பு ஃபைல்கள் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிப் பெருகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 25 எம்பி ஃபைல் வர வேண்டுமென்றால் வரம்பு 35 எம்பியாவது வேண்டும். க்யூ இருக்கும் டிஸ்க்கில் இந்த வரம்பைப்போல் ஒன்றரை மடங்கு இடம் காலியாக இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலையே வாங்காது. லாக் ஃபைல்கள் டிஸ்க்கை நிறைக்க விடாதீர்கள்.

யார் பெயரில் வந்த மூட்டை

பேக்கப் சர்வர் நல்லதா தொல்லையா என்பதை முடிவு செய்வது இந்தப் பகுதிதான்.

கம்பத்துக் கிடங்குக்காரரிடம் நம் கம்பெனி ஆட்களின் பெயர்ப் பட்டியல் இல்லை என்று வையுங்கள். வண்டன்மேடு என்று எழுதிய எந்த மூட்டையையும் இறக்கிக்கொள்கிறார். பாதை திறந்து மேலே கொண்டுபோனால், ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திருப்பி விடுகிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர், அனுப்பியவருக்குத் திருப்ப வேண்டியதும் அவர் பொறுப்பு. அனுப்பியவர் முகவரியோ பொய். மூட்டை சம்பந்தமே இல்லாத ஒருவர் வாசலில் போய் விழுகிறது.

மெயிலில் இது தினமும் நடக்கிறது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ‘அனுப்புநர்’ இடத்தில் யாரோ ஒருவரின் முகவரியைப் போட்டு, இல்லாத பெயர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். பேக்கப் அதை வாங்கி, பிரதான சர்வர் மறுக்க, பேக்கப் ‘போய்ச் சேரவில்லை’ என்ற கடிதத்தை அந்த அப்பாவிக்கு அனுப்பும். இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர். சில நாளில் பேக்கப்பின் ஐபி, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

மெயிலை வாங்குவதற்கு முன்பே, வாசலிலேயே மறுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குத்தான் ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸ். இந்த வரியை எழுதாமல் விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் எந்தப் பெயரையும் ஏற்கும். அதனால் ஒரு ஃபைலில் நம் எல்லா முகவரிகளையும் வரிக்கு ஒன்றாக எழுதி, எதிரே ஏதாவது ஒரு சொல் (ஓகே என்றே போடலாம்) எழுதுங்கள். பிறகு, போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை அந்த ஃபைல்மேல் ஓட்ட வேண்டும். ஃபைலைத் திருத்திவிட்டுப் போஸ்ட்மேப் ஓட்ட மறப்பது புதியவர் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வது. ஆட்களின் பெயர் மட்டும் போதாது. ஆர்டர், கணக்கு, தகவல் என்று வைத்திருக்கும் பொது முகவரிகள், பழைய ஆளின் மெயிலைப் புதியவருக்குத் திருப்பும் மாற்றுப் பெயர்கள், போஸ்ட்மாஸ்டர், எல்லாம் வேண்டும்.

பட்டியலைக் கையால் பராமரிப்பது ஆறு மாதம் நடக்கும், அப்புறம் நிற்கும். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் முகவரியை யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். மழை நாளில் அவருக்கு வரும் மெயிலை பேக்கப் 550 என்று நிரந்தரமாக மறுத்துவிடும். பேக்கப்பே இல்லாமல் இருந்தால் அந்த மெயில் அனுப்பியவரின் க்யூவில் பத்திரமாகக் காத்திருந்திருக்கும்! இதைத் தவிர்க்க, பிரதான சர்வரிலிருந்து முகவரிகளை எடுத்து இரவுதோறும் பேக்கப்புக்கு அனுப்பிப் போஸ்ட்மேப் ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். வந்த பட்டியல் காலியாக இருந்தால் பழையதை அழிக்காமல் நிறுத்திவிடும்படி எழுதுவது முக்கியம். முதல் சில வாரம் அன்னோன் ரிலே ரெசிப்பியன்ட் ரிஜெக்ட் கோட் என்ற வரியில் 550க்குப் பதில் 450 போட்டு வைக்கலாம். 450 என்றால் ‘இப்போது முடியாது, பிறகு வா’. பட்டியலில் ஓட்டை இருந்தாலும் மெயில் சாகாது.

பட்டியலே வேண்டாம், பேக்கப் பிரதான சர்வரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றொரு வழியும் உண்டு. ரிஜெக்ட் அன்வெரிஃபைட் ரெசிப்பியன்ட் என்று போட்டால், புது முகவரி வரும்போது ‘இவர் இருக்கிறாரா’ என்று பேக்கப் மேலே கேட்கும். இருக்கிறார் என்ற பதிலை 31 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். குறை என்னவென்றால், நல்ல நாளில் பேக்கப் வழியாக மெயிலே வராத முகவரிக்கு மழை நாளில் கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. 450 சொல்லித் திருப்பும், மெயில் அனுப்பியவரிடமே காத்திருக்கும். தவறில்லை, ஆனால் பேக்கப் வைத்த பலன் பாதிதான். பட்டியலே மேல்.

பின்வாசல் ஸ்பேம்

பேக்கப் போட்ட மறுநாளே லாகைப் பாருங்கள். பிரதான சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 20ஆம் எண்ணுக்கு மெயில் வந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஸ்பேம்தான். முன்வாசலில் காவலாளி, பின்வாசலில் யாரும் இல்லை என்ற கணக்கில் ஸ்பேமர்கள் வேண்டுமென்றே பெரிய எண்ணைத் தேடி வருவார்கள். எனவே முன்வாசலில் என்ன சோதனையோ அதுவே பின்வாசலிலும் இருக்க வேண்டும். பிரதான சர்வரில் கறுப்புப் பட்டியல் பார்த்தால் இங்கும் பாருங்கள், கிரேலிஸ்டிங் (புதியவரை முதல் தடவை ‘பிறகு வா’ என்று திருப்புவது) இருந்தால் இங்கும் வையுங்கள்.

கறுப்புப் பட்டியலில் ஸ்பாம்ஹவுஸின் ஸென் பட்டியலை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். விபிஎஸ்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) இருந்தால், ஸ்பாம்ஹவுஸ் உண்மையான பதிலைத் தராது, 127.255.255.254 என்று ஒரு தனிக் குறியைத் தரும். ‘பொது ரிசால்வர் வழியாகக் கேட்காதே’ என்று அதற்குப் பொருள். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது, ஏதோ பதில் வந்ததென்றால் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வரும் மெயிலையெல்லாம் மறுக்கும். அதனால் விபிஎஸ்ஸிலேயே அன்பவுண்ட் போன்ற சிறு ரிசால்வரை ஓட்டுங்கள். கூடவே, பதில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை இருந்தால் மட்டும் மறு என்று அமைப்பில் வரையறுத்துவிடுங்கள்.

மேலே செய்ய வேண்டியது

பேக்கப்பை அமைத்துவிட்டு பிரதான சர்வரைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பேக்கப் வழியாக வரும் மெயிலுக்கு, அனுப்பிய ஐபியாக பிரதான சர்வர் பார்ப்பது 198.51.100.25ஐ. துபாய்க் கம்பெனியின் எஸ்பிஎஃப் பதிவில் (அதன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதித்த ஐபிகளின் பட்டியல்) நம் விபிஎஸ் இருக்காது, சோதித்தால் தோற்கும், நல்ல ஆர்டர் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். எனவே எஸ்பிஎஃப், கறுப்புப் பட்டியல், கிரேலிஸ்டிங் மூன்றிலும் பேக்கப்பின் ஐபிக்கு விலக்கு கொடுங்கள். ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டி வைத்திருந்தால் டிரஸ்டட் நெட்வொர்க்ஸ், இன்டர்னல் நெட்வொர்க்ஸ் இரண்டு வரியிலும் அந்த ஐபியைச் சேர்த்தால், அது ஒரு படி பின்னால் போய் உண்மையான அனுப்புநரைச் சோதிக்கும். சந்தேகப்படும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் ஓடுகிறதா? அதிலும் விலக்கு வேண்டும். இல்லையென்றால் பாதை திறந்த அன்று ஜீப் ஜீப்பாக வரும் சரக்கைப் பார்த்து மிரண்டு, நம் கிடங்கையே நம் வாட்ச்மேன் தடுத்துவிடுவார்.

இன்னொன்று: பேக்கப் வாங்கிவிட்ட மெயிலை பிரதான சர்வர் மறுக்கக் கூடாது. ஸ்பேம் என்று தெரிந்தால் ஸ்பேம் பெட்டியில் போடட்டும், மறுத்தால் மறுபடி பேக்ஸ்கேட்டர்தான்.

எம்டிஏ-எஸ்டிஎஸ் கொள்கை (எந்தச் சர்வர்களுக்கு, மறையாக்க இணைப்பில் மட்டும், மெயில் தர வேண்டும் என்ற அறிவிப்பு) வெளியிட்டிருப்பவர்கள் அந்தப் பட்டியலில் பேக்கப்பின் பெயரையும் சேர்க்க வேண்டும். மறந்தால், கொள்கையை மதிக்கும் பெரிய சர்வர்கள் பேக்கப்புக்குக் கொடுக்க மறுக்கும். இணைப்பை மறையாக்க, பேக்கப்புக்குத் தனியாக ஒரு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் வேண்டும். அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பாதி செத்த சர்வர்

சர்வர் முழுதாக அணைந்தால் அனுப்புகிறவர் 20க்குப் போவார். சர்வர் உயிரோடு இருந்து தவறான பதில் சொன்னால்? முகவரிகள் இருக்கும் டேட்டாபேஸ் கெட்டுப்போய், போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, வருகிறவரிடமெல்லாம் ‘550, இப்படி ஆள் இல்லை’ என்கிறது என்று வையுங்கள். 5இல் தொடங்கும் பதில் நிரந்தர மறுப்பு. அனுப்புகிறவர் பேக்கப்பைத் தேடமாட்டார், அங்கேயே முடித்துக்கொள்வார். எத்தனை பேக்கப் வைத்திருந்தாலும் இந்த நோய்க்கு மருந்தில்லை. பிரதான சர்வரில் கை வைக்கும் நாளில், சந்தேகம் வந்த நிமிடத்தில், போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிடுவதே நல்லது. அணைந்த சர்வர் ஆபத்தில்லை, உளறும் சர்வர்தான் ஆபத்து. நிறுத்த மனமில்லையென்றால் சாஃப்ட் பவுன்ஸ் என்ற வரியை யெஸ் ஆக்கி வைத்துக்கொண்டு வேலை பாருங்கள், 5இல் தொடங்கும் மறுப்பெல்லாம் 4ஆக மாறி ‘பிறகு வா’ ஆகிவிடும்.

ஒத்திகை

சோதனையை விபிஎஸ்ஸுக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். சொந்த மெஷினை அது நம்பும், வேறு டொமைன் முகவரிக்கும் சரி என்று தலையாட்டும். வெளியே வேறொரு லினக்ஸ் மெஷினிலிருந்து, 25ஐ அடைக்காத இணைப்பில், பேக்கப்பின் 25க்கு டெல்நெட் போடுங்கள். 220 என்று வரவேற்கும். ஈஹெச்எல்ஓ என்று வணக்கம் சொன்னால் 250, அதாவது சரி. மெயில் ஃப்ரம் சொன்னால் 250. இனிமேல்தான் விஷயம். ஆர்சிபிடி டூ (பெறுநர்) சொல்லி, உண்மையான முகவரி கொடுத்தால் 250 வர வேண்டும். இல்லாத பெயர் கொடுத்தால் 550 (அல்லது நாம் மாற்றி வைத்த 450). மூன்றாவதாக, நம் டொமைனே இல்லாத வேறொரு முகவரி, உதாரணமாக ஒரு ஜிமெயில் முகவரி கொடுங்கள். 454 என்றோ 554 என்றோ ‘ரிலே அனுமதி இல்லை’ என்று வர வேண்டும். அதற்கு 250 வந்தால் உடனே சர்வரை நிறுத்துங்கள். உலகத்து ஸ்பேம் எல்லாம் உங்கள் கிடங்கு வழியாகப் போகும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக ஃபயர்வாலில் உள்ளே வரும் 25ஐ அடைத்துவிட்டு, வெளி முகவரியிலிருந்து நமக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். பேக்கப்பில் மெயில்க்யூ கட்டளை போட்டால் அந்த மெயில் வரிசையில் நிற்பதும், கீழே அடைப்புக்குள் 203.0.113.10ஐ எட்ட முடியவில்லை என்ற காரணமும் தெரியும். ஃபயர்வாலைத் திறந்தபின் மெயில் உடனே வராது, பதற வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் 5 நிமிட இடைவெளியில் முயன்று, போகப்போக இடைவெளியை 4000 நொடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்கொள்ளும். பாதை திறந்தது தெரிந்ததும் போஸ்ட்க்யூ கட்டளையை எஃப் குறியோடு போட்டால் எல்லாவற்றையும் அப்போதே அனுப்பத் தொடங்கும். வந்து சேர்ந்த மெயில் இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பேம் பெட்டியில் விழுந்ததா என்று பார்ப்பதோடு ஒத்திகை முடியும். ஸ்பேமில் விழுந்திருந்தால் மேலே சொன்ன விலக்குகளில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மே மாதத்தில் இதைச் செய்துவிட்டால் ஜூன் மழைக்குத் தயார்.

அதுவரை ஆர்டரை எப்படிப் பார்ப்பது

இரண்டு நாள் மெயில் பத்திரமாகக் காத்திருக்கும், சரி. ஆனால் ஏலக்காய் விலை இரண்டு நாள் காத்திருக்காது. ஆர்டர் முகவரிக்கு வருவதை மட்டும் உடனே படிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பேக்கப்பில் ரெசிப்பியன்ட் பிசிசி மேப்ஸ் என்ற வரியைப் போட்டு, ஆர்டர் முகவரிக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகலை அதே விபிஎஸ்ஸில் உள்ள ஓர் அவசரப் பெட்டியில் போடச் சொல்லலாம். டவ்காட் (மெயில் பெட்டியை வெளியிலிருந்து திறக்க உதவும் மென்பொருள்) நிறுவி அதை ஃபோனில் திறந்து படிக்கலாம். நகலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட ஆசை வரும். அதில் கலந்து போகும் ஸ்பேமுக்கு நம் ஐபிதான் பழி சுமக்கும், வேண்டாம். பதில் அனுப்புவதற்கு பேக்கப் எம்எக்ஸ் உதவாது. அதற்கு ஃபோனில் பேசிவிடுவதே வேகம்.

கடைசியாக, சர்வரில் சேராத ஒன்று. டிஎன்எஸ் சர்வரையும் அலுவலகத்திலேயே வைத்திருந்தால் அதை இன்றே வெளியே மாற்றுங்கள். எம்எக்ஸ் பலகை மலைமேல் இருட்டில் கிடந்தால் 20ஆம் எண் இருப்பது யாருக்குத் தெரியும்? அதேபோல, டொமைன் பதிந்த இடத்தில் கணக்கின் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுத்திருப்பார்கள். டொமைன் காலாவதியானால் டிஎன்எஸ் போகும், மெயில் போகும், கணக்கின் பாஸ்வேர்டை மீட்க அனுப்பும் கடிதமும் வராத முகவரிக்கே போகும். அங்கே வெளி முகவரி ஒன்றையும், கம்பெனியில் இரண்டு பேரின் ஃபோன் எண்ணையும் கொடுத்து, புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்துவிடுங்கள். கட்டணம் எடுக்கும் கார்டின் காலாவதித் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.